கடலைக் காணோம்!

போன வாரம் வெள்ளையம்மா வாயை விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க அந்த வாயைத் தானே திட்டிக்கொண்டு படுத்திருந்தாள் அல்லவா? உங்களுக்கு நினைவிருக்கும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வார்த்தை சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

மழை ஓய்ந்து தை பிறந்திருந்தது. சிகாமட் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா என்கிற ரப்பர் மரமெல்லாம் இலை கொட்டி மொட்டையாக நின்றது. துரைமார்கள் தங்கள் ஊர் வழக்கப்படி அதைக் குளிர்காலம் என்பார்கள். நம் ஜனங்களுக்கு விடியற்காலையில் கொஞ்சம் பல் கிட்டும், அவ்வளவுதான் குளிர். ஆனால் மரம் மொட்டையானால் பால் சுரக்காது, வெட்டு நிற்கும். வருஷத்தில் அந்தச் சில நாள்தான் கை சும்மா இருக்கும். அப்படி இருந்த நாளில் வெள்ளையம்மாவுக்கு ஓர் ஆசை. குடும்பத்தோடு ஒரு நாள் கடலுக்குப் போய் வர வேண்டும். நேர்த்திக்கடனுக்காக அல்ல, அஸ்தி கரைக்க அல்ல. சும்மா. குளித்து விளையாட.

"சும்மாவா?" என்று மோவாயைத் தோளில் இடித்தாள் கருப்பாயி.

கருப்பாயி, வெள்ளையம்மா புருஷன் அய்யாவுவின் அக்கா. அதாவது நாத்தனார். கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அடுத்த வீடு. பதினெட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் சோறு வடிப்பதானாலும் கொல்லையில் மிளகாய் நடுவதானாலும் அவள் சொல்தான். அய்யாவு அக்காள் முன்னால் நிமிர்ந்தும் பேச மாட்டார். இப்போது மூத்தவள் ராஜம்மாவுக்குப் பதினேழு முடிந்தது. அவளைத் தன் மகன் வேலுவுக்குக் கட்டப் போவதாகக் கருப்பாயி ஊரெல்லாம் சொல்லியாயிற்று. பெற்றவளை மட்டும் கேட்கவில்லை.

வேலுவைப் பற்றி வெள்ளையம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டத்து லாரி ஓட்டுகிற பையன், தலை குனிந்து நடப்பவன். அவள் பயந்தது அந்த வீட்டு மாமியாருக்கு. தான் பட்டதைத் தன் மகளும் படுவதா?

கடல் பேச்சில் ஆரம்பித்த சண்டை அங்கேதான் போய் முட்டியது. கோபத்தில் வெள்ளையம்மா கத்திவிட்டாள்: "நம்ம குடும்பத்துல ஒருத்தர் பாக்கியில்லாம கடல் தண்ணியில நனைஞ்சு சந்தோஷமா திரும்பி வருவோம் அண்ணி. வந்துட்டா ராஜம்மா பேச்சு என் பேச்சு. வரலேன்னா உங்க பேச்சு. நான் வாயே தொறக்க மாட்டேன்!"

"காளியாத்தா கேட்டுக்கிட்டா" என்றாள் கருப்பாயி. பந்தயம் நிச்சயமாயிற்று.

இனி இந்த வாரத்துக் கதை.

துரை லாரியைக் கொடுத்தார். ஆனால் ஆறரை மணிக்குள் அது கொட்டகையில் நிற்க வேண்டும் என்றார். அப்படியானால் மூவார் கடற்கரையிலிருந்து சரியாக நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வேலு கணக்குச் சொன்னான். நாலு மணிக்கு ஹாரன் அடிப்பான். ஹாரன் அடித்தால் எல்லாரும் ஏற வேண்டும்.

விடிவதற்குள் புளிச்சோறு கட்டியாயிற்று. நெத்திலி வறுத்து ஒரு டின்னில், அவித்த மரவள்ளி ஒரு துணியில். பின்னால் வெள்ளையம்மா, அய்யாவு, ராஜம்மா, அவள் தங்கை ஆறு வயசு தனலெட்சுமி. முன்னால் மகன் பக்கத்தில் கருப்பாயி, சாட்சி சொல்ல வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பனிக்காற்று முகத்தில் அடித்தது. தனலெட்சுமி கம்பளிக்குள்ளிருந்து மூக்கை மட்டும் நீட்டி, "கடல் வந்துருச்சா? இப்ப வந்துருச்சா?" என்று மைலுக்கு ஒரு தரம் கேட்டாள்.

ஒன்பதரை மணிக்கு வேலு லாரியைத் தென்னந்தோப்பில் நிறுத்தினான். தனலெட்சுமிதான் முதலில் குதித்தாள். ஓடினாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

"அம்மா, கடலைக் காணோம்!"

"போடி பைத்தியம்" என்று வெள்ளையம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ப் பார்த்தாள்.

கடலைக் காணோம்தான்.

தென்னைக்கு அப்பால் நாலு ஆள் நீளத்துக்கு மணல். அதற்கு அப்பால் சேறு. கண்ணுக்கு எட்டிய மட்டும் கறுப்புச் சேறு, அதில் நண்டு வளையும் கொக்குக் கால்தடமும். வெகுதூரத்தில், வானம் தொடும் இடத்தில், வெள்ளியாக ஒரு கோடு. அதுதான் கடலாம்.

"அட!" என்றார் அய்யாவு, தலையைச் சொறிந்துகொண்டு. "நான் பன்னெண்டு வயசுல கப்பல்ல வரும்போது இருந்த எடத்துலதானே இருந்துச்சு. ஏழு நாளும் அசையல."

அவர் மேல் தப்பில்லை. நடுக்கடலைத்தான் அவர் பார்த்திருந்தார். கரையில் அது போகும் வரும் என்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. வெள்ளையம்மா தோட்டத்தில் பிறந்து தோட்டத்தில் வளர்ந்தவள்.

கருப்பாயி நிதானமாக இறங்கி வந்தாள். சேற்றைப் பார்த்தாள். வெள்ளையம்மாவைப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், தென்னையில் இருந்த காக்கையெல்லாம் பறந்துபோயிற்று.

"நல்ல கடலைப் புடிச்சு வந்தே வெள்ளையம்மா! பன்னி பெரளத்தான் ஆகும். பங்குனியில முகூர்த்தம் வச்சுக்கலாமா?"

வெள்ளையம்மா ராஜம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவள் குனிந்து சோற்று மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தாள். முகம் தெரியவில்லை.

மணலோரம் ஒரு மலாய்க்காரப் பெரியவர் வலையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். வேலு அவரிடம் போய் மலாயில் பேசிவிட்டு வந்தான்.

"தண்ணி எறங்கியிருக்காம் அத்தை. சாயங்காலம் ஏறி வருமாம்."

"ஏறி வருமா?" என்றாள் கருப்பாயி. "எங்க, படிக்கட்டு வச்சிருக்காங்களா?"

"சாயங்காலம்னா எத்தனை மணிக்குடா?" என்று வேலுவைக் கேட்டாள் வெள்ளையம்மா.

"அவருகிட்ட கடியாரம் இல்ல. சூரியன் அந்தத் தென்னைக்கு நேரா வரும்போதுன்னாரு."

வெள்ளையம்மா அந்தத் தென்னையைப் பார்த்தாள். சூரியன் அங்கே போவது மூன்று மணியாகவும் இருக்கலாம், ஐந்து மணியாகவும் இருக்கலாம்.

காத்திருந்தார்கள். சாப்பிட்டார்கள். தனலெட்சுமி நண்டைத் துரத்தினாள். அய்யாவு துண்டை விரித்துத் தூங்கியே போனார். வெள்ளையம்மா மட்டும் தன் பங்குப் புளிச்சோற்றைத் தனலெட்சுமியிடம் தள்ளிவிட்டு வானத்தோரத்தையே பார்த்திருந்தாள். வெள்ளிக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

பன்னிரண்டரைக்கு மேல் அவளால் தாள முடியவில்லை. சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

"அது வரலேன்னா நாம போவோம். எல்லாரும் எந்திரிங்க!"

"அம்மா, வேணாம்மா!" என்று ராஜம்மா கத்துவதற்குள் சேற்றில் இறங்கிவிட்டாள்.

பத்தடி நடந்தாள். கணுக்கால். இருபதடி. முழங்கால். முப்பதாவது அடியில் தொடை வரை போயிற்று. ஒரு காலைப் பிடுங்கினால் மறு கால் இறங்கியது. ரப்பர் மர வரிசையில் நெரை நெரையாக மலையேறிப் பால் வெட்டிய கால், அந்தச் சேற்றில் ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது.

"அலமாக்!" என்று ஐயோ போடுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மலாய்க்காரப் பெரியவர் ஒரு நீளப் பலகையைத் தூக்கி வந்தார். சேற்றில் சிப்பி பொறுக்குகிறவர்கள் ஒரு காலை மடக்கி வைத்துச் சறுக்கிப் போகிற பலகை. வேலு அதை வாங்கித் தள்ளிக்கொண்டு போனான். பின்னாலேயே ராஜம்மா அதில் தாவி ஏறினாள். ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்தார்கள். ஒன்று இரண்டு என்று யாரும் எண்ணவில்லை. இருவரும் ஒரே மூச்சில் இழுத்தார்கள். வெள்ளையம்மா சோற்றுப் பானையிலிருந்து வருகிற அகப்பைபோல வந்தாள்.

கரையில் கருப்பாயி கைகொட்டினாள். "நனைஞ்சது கணக்குல வராது, அது சேறு!"

தோப்புக் கிணற்றில் ராஜம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி அம்மாவைக் கழுவினாள். வெள்ளையம்மா அழவில்லை. அழுதால் அண்ணி பார்ப்பாள்.

"வுடும்மா" என்றாள் ராஜம்மா மெதுவாக. "வரும்."

"வராட்டி?"

ராஜம்மா இன்னொரு வாளி ஊற்றினாள்.

திரும்பி வந்தபோது கருப்பாயி இடம் மாறியிருந்தாள். மணலும் சேறும் சேர்கிற இடத்தில், பாதி புதைந்த ஒரு பெரிய மரக்கட்டை. அதன்மேல் சம்மணமிட்டு, வெற்றிலை மடித்துக்கொண்டு, துரை நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

கட்டைக்குப் பக்கத்தில் படகு கட்டும் கம்பம் ஒன்று நட்டிருந்தது. வெள்ளையம்மாவின் கண் அதில் போய் நின்றது. கம்பத்தின் அடியிலிருந்து மேலே வரை சின்னச் சின்னச் சிப்பிகள் அப்பியிருந்தன. ஓர் உயரத்துக்கு மேல் ஒரு சிப்பியும் இல்லை, மரம் வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பால் வாளியில் எவ்வளவு பால் இருந்தது என்பதை அது காய்ந்து ஒட்டிய கோட்டைப் பார்த்துச் சொல்கிறவள் அவள். சிப்பிக் கோடு எதைச் சொல்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் அதுவரை வரும். உட்கார்ந்திருக்கும் கருப்பாயியின் மார்பு உயரம்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. 'ஒருத்தர் பாக்கியில்லாம' என்று சொல்லியிருந்தாள். அந்த ஒருத்தர் கருப்பாயிதான்! கடலே வந்தாலும் இவள் தண்ணீரில் கால் வைக்க மாட்டாள். தள்ளி நின்றே ஜெயித்துவிடுவாள்.

வெள்ளையம்மா பதினெட்டு வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவள் அல்லவா? குழம்புக்குப் புளி போதும் என்றால் அண்ணி இன்னும் போடுவாள். மழை வரும், துணியை எடுங்க என்றால் இன்னும் நாலு துணி துவைத்துப் போடுவாள்.

"அண்ணி" என்றாள் மிக அன்பாக. "வெயில் ஏறுது. அங்க என்னத்துக்கு? மேல நெழலுக்கு வந்துருங்க."

கருப்பாயி வெற்றிலையை வாயில் அடக்கினாள். "ஏன், நீ சொல்லி நான் எந்திரிக்கணுமா?"

"அதுக்கில்ல அண்ணி. ஒடம்புக்கு ஆகாது. வயசாயிருச்சு பாருங்க."

"யாருக்குடி வயசாச்சு?" கருப்பாயி கட்டையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "எம் மவன் ஹாரன் அடிக்கிற வரைக்கும் இந்தக் கட்டையை விட்டு எந்திரிக்க மாட்டேன். காளியாத்தா மேல சத்தியம்!"

"உங்க இஷ்டம்" என்று வெள்ளையம்மா பெருமூச்சு விட்டுத் திரும்பினாள். திரும்பிய முகத்தில் இருந்ததைத் தனலெட்சுமி மட்டும்தான் பார்த்தாள். "ஏம்மா சிரிக்கிற?" என்று கேட்டாள்.

"சும்மாடி."

இரண்டரைக்குத் தனலெட்சுமி கத்தினாள். "கோடு தடிச்சுப் போச்சு!"

ஆமாம். வெள்ளிக் கோடு தடித்திருந்தது. அப்புறம் பட்டையாயிற்று. அப்புறம் சேற்றில் இருந்த பள்ளங்களெல்லாம் ஒவ்வொன்றாக மினுங்கின. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், நண்டு வளைக்குள்ளிருந்து ஊறுகிற மாதிரி, தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெரிய அலை இல்லை, சத்தம் இல்லை. நம் வீட்டுக்குள் பூனை வருமே, அந்த மாதிரி வந்தது.

மூன்றரை மணிக்கு மணலைத் தொட்டது.

முதலில் இறங்கியது யார் தெரியுமா? அய்யாவு! தூக்கத்திலிருந்து எழுந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஓடிப்போய்த் தொப்பென்று விழுந்தார். எழுந்து இரு கையாலும் தண்ணீரை வாரி வானத்தில் எறிந்தார். "ஏ வெள்ளையம்மா! வாடி!" என்று கூப்பிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காள் எதிரில் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

வெள்ளையம்மா இறங்கினாள். தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. காலடியில் மணல் நழுவியது, காற்று சேலையைப் பறித்தது. உதட்டில் உப்பு. ராஜம்மாவும் தனலெட்சுமியும் அவள் மேல் தண்ணீரை அடித்தார்கள், அவள் திருப்பி அடித்தாள். ஒரு கணம் பந்தயம் கூட மறந்துபோயிற்று. இதற்குத்தானே வந்தாள்!

தனலெட்சுமி விரல் விட்டு எண்ணினாள். "அப்பா, அம்மா, அக்கா, நான். நாலு. அத்தை பாக்கி, வேலு மச்சான் பாக்கி."

கருப்பாயியின் கட்டையைத் தண்ணீர் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"டேய் வேலு! மணி என்னடா?"

லாரிப் பக்கமிருந்து வேலு கடிகாரத்தைப் பார்த்தான். "நாலாகப் போவுது ஆத்தா."

"அடிடா ஹாரனை!"

வேலு முன்மூடியைத் திறந்து உள்ளே தலையை விட்டான். வெகுநேரம் பார்த்தான். தலையை வெளியே எடுத்தான்.

"எஞ்சினுக்குத் தண்ணி இல்ல ஆத்தா. ஊத்தாம எடுக்க முடியாது."

"காலையில ஊத்தினியேடா!"

"குடிச்சிருச்சு" என்றான் வேலு. டின்னை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு நடந்தான். அந்தப் பையன் அவ்வளவு மெதுவாக நடந்து யாரும் பார்த்ததில்லை. வழியில் நின்று காலில் குத்திய முள்ளை எடுத்தான். அப்புறம் மறு காலிலும் எடுத்தான்.

வெள்ளையம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹாரன் அடித்தால் அண்ணி நனையாமல் எழுந்துவிடுவாள், பெண் அவனுக்கு. அடிக்காமல் ஏன் ஆடி அசைகிறான்? தன் கல்யாணத்தைத் தானே குழி தோண்டிப் புதைக்கிறவனை எங்கே பார்த்திருக்கிறோம்?

"டேய்! அடிடா! அடிச்சுத் தொலைடா!"

தண்ணீர் கட்டையின் மேல் ஏறியது. கருப்பாயி மடியைப் பிடித்துக்கொண்டாள். எழுந்தால் சத்தியம் போயிற்று. உட்கார்ந்தால் பந்தயம் போயிற்று. கருப்பாயியிடம் ஆயிரம் சொல்லுங்கள், காளியம்மன் மேல் செய்த சத்தியத்தை அவள் மீற மாட்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தூரத்தில் ஒரு பாய்மரப் படகு போயிற்று. அதன் அலையோ, காற்றின் வேலையோ, மடிப்பு மடிப்பாக மூன்று அலை வந்தது. முதலாவது இடுப்பு வரை. இரண்டாவது மார்பு வரை. மூன்றாவது கட்டையோடு சேர்த்து அவளைப் புரட்டியே விட்டது. கொண்டை அவிழ்ந்தது, வெற்றிலைப் பை மிதந்தது.

"ஆத்தா!" டின்னை வீசிவிட்டு வேலு சட்டையோடு தண்ணீரில் பாய்ந்தான்.

எல்லாரும் ஓடினார்கள். தண்ணீர் இடுப்பளவுதான். வேலு ஒரு பக்கம், வெள்ளையம்மா ஒரு பக்கம் தூக்கி நிறுத்தினார்கள். கருப்பாயி உப்புத் தண்ணீரைத் துப்பினாள். முடியை முகத்திலிருந்து ஒதுக்கினாள். வெள்ளையம்மாவை முறைத்துப் பார்த்தாள்.

திடீரென்று அவள் உடம்பு குலுங்கியது. அழுகிறாளோ என்று பார்த்தால், சிரிப்பு! காலையில் சிரித்த சிரிப்பல்ல. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தம்பி தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். "நெழலுக்கு வாங்க அண்ணின்னு கூப்புட்டா பாரு... அடிப்பாவி! அப்பவே தெரியும்டி உனக்கு!"

"தெரியும் அண்ணி."

"ஆறு!" என்று கத்தினாள் தனலெட்சுமி.

"ஆறுதான்" என்றாள் கருப்பாயி. கையில் கொஞ்சம் கடல் தண்ணீரை அள்ளி, எல்லார் முன்னிலையிலும் வெள்ளையம்மாவின் உள்ளங்கையில் ஊற்றினாள். "ஜெயிச்சுட்டே. ராஜம்மா பேச்சு உன்னோடது. நான் குறுக்க வரமாட்டேன்."

அப்புறம்தான் வேலு ஹாரன் அடித்தான். தோப்பே அதிர்ந்தது.

லாரி திரும்பி ஓடியது. முன்னால் கருப்பாயி தம்பியின் துண்டைப் போர்த்திக்கொண்டு தும்மினாள். பின்னால் அய்யாவு தனலெட்சுமியை மடியில் போட்டுக்கொண்டு, பேர் தெரியாத ஏதோ பாட்டை முணுமுணுத்தார். இலையில்லாத மரங்களுக்கு ஊடே வெயில் நேராகத் தரையில் விழுந்தது. வெள்ளையம்மா பலகையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தக் குடும்பத்தில் ஒரு சொல் அவளுடையது.

"அம்மா" என்றாள் ராஜம்மா, காதோரமாக.

"என்னடி?"

"இனிமே என் பேச்சு உன்னோடதுதானே? அத்தை கேக்க முடியாதில்ல?"

"முடியாது. நீ தைரியமா இரு."

"மச்சான் நாளைக்கு உன்னைப் பாக்க வருவாரு."

"எதுக்கு?"

ராஜம்மா ஈரப் பின்னலைப் பிழிந்தாள். காது மடல் சிவந்திருந்தது. "என்னைக் கேக்க. பந்தயத்துல ஜெயிச்சுக் கூப்புட்டா நான் வரமாட்டேன், எங்கம்மாகிட்ட முறையா வந்து கேளுங்கன்னு நான்தான் லயத்துப் பைப்படியில வச்சுச் சொன்னேன். அதான் தண்ணி எடுக்க அவ்வளவு நேரம்."

வெள்ளையம்மா நிமிர்ந்து முன்னால் பார்த்தாள். டிரைவர் இடத்துப் பின்கண்ணாடி வழியாக வேலுவின் பிடரி தெரிந்தது. சட்டை இன்னும் காயவில்லை. பக்கத்தில் கருப்பாயி இன்னொரு தும்மல் போட்டாள். அந்தத் தும்மலுக்குப் பக்கத்தில் தன் மகள் வாழ வேண்டும். வெள்ளையம்மா அந்தப் பிடரியையும் அந்தத் தும்மலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே இரண்டு மைல் வந்தாள்.

"என்னம்மா சொல்லப் போறே?"

லாரி தோட்டத்துச் செம்மண் பாதையில் திரும்பியது.

"காலையிலயா வருவான்," என்று கேட்டாள் வெள்ளையம்மா, "சாயங்காலமா?"